முட்டுக்கட்டையும் குதிரைச் சக்தியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் கண்டோர், சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுவோரை மறவார். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கினராயினும், தேரைத் தடுத்து நிறுத்துவது அக்கட்டையே. தடுக்கும் கட்டை ஒன்றே யந்திரத்தின் வலிமையை அளக்கும் கருவியுமாதலை ஈண்டு விளக்குவோம்.

1821இல் பிரான்ஸ் தேசத்துப் பிரோனி என்பார், சுழலும் சக்கரத்தை மரக்கட்டைகளால் இறுகப் பற்றுவித்து, அவற்றோடு நீண்ட கோல் ஒன்றை இணைத்தார். சக்கரம் கட்டைகளையும் உடன்சுழற்ற முயலும். கோலின் நுனியில் எடையிட்டு அதனைத் தடுப்பர். 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் புரூடு, மரத்திற்குப் பதிலாக நீரையே தடையாக்கினார். இவ்வகைக் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர்.

கோலின் நீளம் 1 மீட்டர், எடை 20 கிலோகிராம், வேகம் நிமிஷத்திற்கு 3000 சுற்று எனக் கொள்வோம். எடையின் விசை 196 நியூட்டன். கோல்நுனிக்குரிய வட்டத்தின் சுற்றளவு 6.28 மீட்டர், விநாடிக்கு 50 சுற்று. இம்மூன்றையும் பெருக்க, ஏறக்குறைய 61,500 வாட் வரும். அதனை 746ஆல் வகுக்க, 82 குதிரைச் சக்திக்குச் சற்று மிகும்.

இராஜபாளையத்தில் 1936இல் ஸ்ரீ பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை நிறுவினார். ஆலை மோட்டார் நாடோறும் ஒரே சீரான சுமையைத் தாங்குவது. பந்தயக் காரின் எஞ்சினோ, சிறிது நேரத்தில் தன் முழு வலிமையையும் காட்டுமாறு அமைந்தது. சென்னையை அடுத்த சோழவரத்து விமானத்தளத்தில் முற்காலத்தில் ஓடிய கார்கள் போன்ற ஒன்றை இன்று சோதிப்பதாயின், மிக்க எச்சரிக்கை வேண்டும்.

காரின் பின்சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்திக் காரை உறுதியாகக் கட்டுவர். எண்ணெய் நன்கு சூடேறிய பின்னரே சுமை ஏற்றுவர். வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் எண்ணெயின் அழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் நோக்குவர். உருளையில் காணும் சக்தி எஞ்சினின் சக்தியினும் குறைவாயிருக்கும். பற்சக்கரங்களிலும் டயர்களிலும் ஒரு பகுதி செலவாகிவிடுவதே காரணம். இதனை அறியாதார், எஞ்சின் நலிந்ததென்று வருந்துவர்.

வருந்துவதோடு அமையாது, பழைய விளம்பரத்திற் கண்ட எண்ணை எட்டியே தீர்வதென வேகத்தை மேலும் ஏற்றுவோரும் உளர். பல்லாண்டு உழைத்த உலோகத்தில் கண்ணுக்குப் புலனாகா விரிசல் இருத்தல் கூடும். வேகம் இருமடங்காயின் பிஸ்டனைத் தாங்கும் தண்டின்மேல் அதன் இயக்கத்தால் வரும் விசை நான்மடங்காகும். தண்டு முறியின் எஞ்சினே சிதறும். அதற்கு மாற்றுறுப்பு எக்கடையிலும் கிடையாது. ஆதலின் சக்தி உயர்வது நின்றவிடத்தே சோதனையையும் நிறுத்துக. எச்சரிக்கைக் குறி தோன்றின் அதற்கு முன்னரே நிறுத்துக.

மாணவ நண்பர்களே! அளவை என்பது உள்ளதை உள்ளவாறு அறிதற்கே, பழம்பெருமையை மெய்ப்பித்தற்கன்று. தேரை நிலை சேர்ப்பதில் வடத்திற்குள்ள பங்கு முட்டுக்கட்டைக்கும் உண்டென்பதை மறவாதிருப்போமாக.