குனியச் சொல்லுங்கள், பிறகு நீங்களும் குனியுங்கள்

பள்ளியில் முதுகைப் பார்க்கிறோம் என்று பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, "நேரா நில்லு" என்று ஒரு நோட்டம் விட்டு அனுப்பிவிடுகிறார்கள். நிமிர்ந்த முதுகில் பக்கவளைவு சுலபத்தில் தெரியாது. ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்த வளைவு வெறும் கோணல் அல்ல. முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவதோடு திருகவும் செய்கிறது. அந்தத் திருகலைக் காட்டுவது குனிதல்தான். வில்லியம் ஆடம்ஸ் 1865இல் விவரித்த இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

1. யாரை, எப்போது

பெண்பிள்ளைகளை 10 வயதிலும் 12 வயதிலும், அதாவது 5, 7ஆம் வகுப்புகளில். பையன்களை 13 அல்லது 14 வயதில் ஒரு தடவை. வளைவு வேகமாகக் கூடுவது வளர்த்திக் காலத்தில். வயசுக்கு வந்து இரண்டு வருஷத்துக்குள் பெண்பிள்ளையின் வளர்த்தி பெரும்பாலும் அடங்கிவிடும். பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

2. ஏற்பாடு

பெற்றோர் சம்மதம், தனி அறை, பெண்பிள்ளைகளுக்கு டீச்சர், பக்கத்தில் ஒரு தோழி. முதுகு தெரியாமல் சுடிதார் மேல்கோட்டின் மீது பார்ப்பது பார்க்காததற்குச் சமம்.

3. குனிய வைப்பது

எல்லோரும் தவறுவது இங்கேதான். செருப்பைக் கழற்றி, பாதங்களைச் சேர்த்து, முட்டியை மடக்காமல் நிற்கட்டும். இரட்டைச் சடையை முன்னால் தள்ளிவிடுங்கள். முதுகில் கிடக்கும் ரிப்பனே மேடுபோலத் தெரியும். கும்பிடுவதுபோல் உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு, தலை தாழ மெதுவாகக் குனியட்டும். கைகள் பிரிந்தால் ஒரு தோள் முன்னே போய் இல்லாத வளைவைக் காட்டும்.

இனி நீங்கள் குனிய வேண்டும். பிள்ளையின் முதுகு மட்டத்துக்கு உங்கள் கண் இறங்காவிட்டால் ஒன்றும் தெரியாது. ஸ்டூல் போட்டு உட்காருங்கள். மேல்முதுகு, நடுமுதுகு, இடுப்பு என்று ஒவ்வொரு மட்டத்திலும் பிள்ளையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாக எழும்பியிருக்கிறதா? இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் திரண்டிருக்கிறதா? பின்னாலிருந்து பார்த்தது போதாது, முன்னாலிருந்தும் பாருங்கள்.

மேடு தெரிந்தால் ஸ்டூலில் உட்காரவைத்து மறுபடி குனியச் சொல்லுங்கள். மேடு மறைந்தால் கால் நீள வித்தியாசமாக இருக்கலாம்; மறையாவிட்டால் வளைவைச் சந்தேகியுங்கள்.

4. அளவு

முதுகின் சாய்வை அளக்கும் ஸ்கோலியோமீட்டர் இல்லையென்றால் போனில் சாய்வு காட்டும் செயலி போதும். போனை அப்படியே முதுகில் வைக்காதீர்கள், முள்ளெலும்பு இடிக்கும். இரண்டு கட்டைவிரல்களையும் போனுக்கு அடியில் இடைவெளிவிட்டு வைத்து, நடுவில் முள்ளெலும்பு வரும்படி பிடியுங்கள். 7 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். 5, 6 என்றால் ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள்.

5. யாருக்கு அதிகம்

வீட்டில் வேறு யாருக்காவது வளைவு உண்டா என்று கேளுங்கள். சின்ன வளைவு பையன்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில் வரும்; பெரிதாகி சிகிச்சை வரை போவது பெண்பிள்ளைகளுக்கே அதிகம். புத்தகப் பையைத் திட்டாதீர்கள். பை முதுகு வலி தரலாம், ஸ்கோலியோசிஸைத் தராது. இரவில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போதல், இடுப்புக்கு மேலே நடுவில் முடிக்கற்றை ஆகியவை இருந்தால் அளவு பார்க்காமலே அனுப்புங்கள்.

6. அனுப்புவது

தேனிப் பக்கத்துப் பள்ளியென்றால் கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயை நின்றபடி, முதுகு முழுவதும் வருமாறு எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் வளைவு குறைந்து தெரியும். எக்ஸ்ரேயில் வளைவு 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். வளர்த்தி இருக்கும்போது 25 முதல் 40 வரை பிரேஸ் (உடம்பில் அணியும் கவசம்). அதற்கு மேல் போனால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். 2013இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை எல்லையை எட்டவில்லை. அணியாதவர்களில் அது 48 சதவீதம்தான்.

ஏலத்தோட்ட ஜீப்பில் விடியுமுன் மலையேறும் பெற்றோருக்குச் சீட்டு கொடுத்துவிட்டால் போதாது. சாயந்திரம் போன் செய்து விளக்குங்கள். பிள்ளைகளைப் பரிசோதிக்க அரசின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது வளைவு சந்தேகப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலை அவர்கள் கையிலும் கொடுங்கள். எண்ணெய் தடவி நீவுவதோ கட்டுப் போடுவதோ வளைவை நேராக்காது. அதில் கழியும் ஆறு மாதம் பிரேஸுக்கு உரிய ஆறு மாதம்.