கோடாரிக்குப் பிடி போட்டுக் கொடுத்தார்கள்



“படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஏதாவது ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்” என்று சில பெற்றோர் நம் டிரஸ்ட்டுக்கு வந்து கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லாத கவலை மட்டும்தானா, மனச்சோர்வு என்ற நோயா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இயலாமை வேறு, சோம்பல் வேறு

நபி (ஸல்) அவர்கள் அதிகம் கேட்டு வந்த துஆ ஒன்று புகாரியில் இருக்கிறது. அதில் கவலை, துக்கம் இவற்றோடு ‘அஜ்ஸ்’, ‘கஸல்’ ஆகிய இரண்டிலிருந்தும் பாதுகாவல் தேடினார்கள். அஜ்ஸ் என்றால் இயலாமை. கஸல் என்றால் சோம்பல். இரண்டும் தனித்தனியாகவே சொல்லப்பட்டுள்ளன. மனச்சோர்வு முதல் வகையைச் சேர்ந்தது. அது ஈமானின் குறைவும் அல்ல. மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை யூசுஃப் அத்தியாயம் சொல்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுவது, தன்னைத் தானே வெறுப்பது ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவு பகலாக இலவசமாகப் பேசலாம். ‘செத்துப் போகலாம் போலிருக்கிறது’ என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

துஆ செய்வோம், ஓதுவோம். ஆனால் மருந்தை விட்டுவிட்டு அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றி 28 பேர் இறந்தார்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அறைக்குள் மறைத்து வைப்பதும் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியாத சங்கிலிதான்.

ஹதீஸ் காட்டும் வழி

உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் செய்தி அபூதாவூதில் உள்ளது. அவர் வீட்டில் இருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலம் விட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றில் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றில் கோடாரி. அதற்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு வந்தார்.

யாசகம் கூடாது என்பதற்கு இந்த ஹதீஸைச் சொல்வோம். அந்தப் பிடியையும் கவனிக்க வேண்டும். ‘போய் உழை’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. முதலில் உணவு, பிறகு கருவி, பிறகு செய்யக்கூடிய ஒரே வேலை, அதற்கு ஒரு தவணை.

நோயுற்ற பிள்ளைக்கும் இதே வரிசைதான்.

1. முழுதாகக் குணமாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஓரளவு தெளிந்ததும், மருத்துவரைக் கேட்டு, சிகிச்சையோடு சேர்த்தே வேலையைத் தொடங்கலாம்.

2. முதல் வேலை சிறியதாக இருக்கட்டும். நெல் மண்டியில் எடைக்கணக்கு, கடையில் பில் போடுவது என்று தினம் மூன்று நான்கு மணி நேரம் போதும். சில மருந்துகளால் காலையில் மயக்கம் இருக்கும். அவர்களுக்கு மதிய நேரம் நல்லது.

3. சிறிதானாலும் கூலி கொடுக்க வேண்டும். அது ஸதகா அல்ல, அவருடைய உரிமை.

4. நோயின் பெயர் ஓர் அமானத். அவர் சம்மதமின்றி முதலாளியிடமோ உறவினரிடமோ சொல்லக் கூடாது.

5. 15 நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி, முடிந்தால் நேரத்தைக் கூட்டலாம். முடியாவிட்டால் குறைக்கலாம். ஒரு வாரம் போகாமல் இருந்தால் அது தோல்வி அல்ல.

“எப்ப பயணம்?” என்று கேட்பது நம் ஊர்களில் வழக்கம். மனம் தேறாத பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். வளைகுடா நாடுகள் சிலவற்றில் சில மனநல மருந்துகளைக் கொண்டுசெல்ல முன் அனுமதி தேவை. அங்கே பக்கத்தில் உம்மாவும் இருக்கமாட்டார். ‘நிக்காஹ் முடித்தால் சரியாகிவிடும்’ என்று இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் பணயம் வைக்க வேண்டாம்.

கடை, மண்டி, அரிசி ஆலை வைத்திருக்கும் சகோதரர்கள் அரை நாள் வேலை ஒன்றை ஒதுக்க முடிந்தால் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். கோடாரி வாங்க உதவுவோர் நம்மில் உண்டு. பிடி போட்டுத் தரும் கைகள்தான் வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும் ஹலாலான ரிஸ்கையும் தருவானாக. ஆமீன்.