பெரிட் கெப்பாசிட்டன்ஸ் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேளு

தங்கச்சி, ஈஎஸ்டி கன்னை வெச்சு சுட்டதும் உன் போர்டு ரீசெட் ஆகுதுன்னு சொன்னே. யாரோ "பெரிட் கெப்பாசிட்டன்ஸ் போடு, சரியாயிடும்"னு சொல்லிட்டாங்க, நீயும் விலை விசாரிக்கக் கிளம்பிட்டே. அது நல்ல சரக்குதான். ஆனா எந்த அடியைத் தாங்கும், எதைத் தாங்காதுன்னு தெரியாம வாங்கினா காசுதான் போகும், ரீசெட் போகாது.

முதல்ல கன் என்ன தருதுன்னு பாரு. ஐஇசி 61000-4-2 படி அதுக்குள்ள 150 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டரும் 330 ஓம் ரெசிஸ்டரும் இருக்கு. 8 கிலோவோல்ட்ல நேரா தொட்டுச் சுட்டா முதல் உச்சம் 30 ஆம்பியர். அது ஏற எடுத்துக்கிற நேரம் 0.8 நானோ விநாடி. அப்புறம் 30 நானோ விநாடியில 16 ஆம்பியர், 60ல 8 ஆம்பியர்னு மெதுவா இறங்கும். அதாவது அடி ரெண்டு விதம். முன்னாடி ஒரு கூர்முனை, பின்னாடி பெரிய சார்ஜ். ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கூர்முனைகிட்ட உன் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள் ஏன் தோத்துப் போகுது? பேட், வியா, டிரேஸ் எல்லாம் சேர்ந்து ஒவ்வொண்ணுக்கும் 1 நானோ ஹென்றியாவது இண்டக்டன்ஸ் வந்துடும். 16 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினதுமே அது கெப்பாசிட்டரா நடந்துக்காது, இண்டக்டராத்தான் நடந்துக்கும். 0.8 நானோ விநாடியில ஏறுற அலையிலயோ 400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் சரக்கு இருக்கு. அந்த 30 ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கு பவர் பிளேனுக்குள்ள நுழைஞ்சா போதும், 1 நானோ ஹென்றி மேல கிட்டத்தட்ட 4 வோல்ட் எழும்பும். 3.3 வோல்ட் சிப் பாவம், என்ன பண்ணும்?

இங்கதான் பெரிட் கெப்பாசிட்டன்ஸுக்கு வேலை. பவர் பிளேனையும் கிரவுண்டு பிளேனையும் ரொம்ப மெல்லிசான இன்சுலேஷனை நடுவுல வெச்சு ஒட்டிட்டா, போர்டு முழுக்கவே ஒரு கெப்பாசிட்டர் ஆயிடும். தனியா பேடும் காலும் கிடையாது, அதனால இண்டக்டன்ஸ் மிகக் குறைவு. சாதாரண நாலு லேயர் போர்டுல ரெண்டு பிளேனுக்கும் நடுவுல சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும். 10 செ.மீ. சதுர போர்டுக்கு 400 பைக்கோஃபாரட் கூடத் தேறாது. அதையே 50 மைக்ரானாக் குறைச்சா 7,500க்கு மேல வரும். ஸைகான் கம்பெனி கொண்டுவந்த இசட்பிசி-2000 இந்த ரகம்தான், எஃப்ஆர்-4லயே 50 மைக்ரான், சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 500 பைக்கோஃபாரட். 3எம்மோட சி-ப்ளை பேரியம் டைட்டனேட் பொடி கலந்த எபாக்ஸி. இன்னும் மெல்லிசு, கெப்பாசிட்டன்ஸ் பல மடங்கு அதிகம், விலையும் அதுக்கேத்த மாதிரி.

இப்ப விக்கிறவங்க சொல்லாத கணக்கு. 150 பைக்கோஃபாரட்டை 8 கிலோவோல்ட்டால பெருக்கினா 1.2 மைக்ரோகூலம். அது முழுசும் உன் 7.5 நானோஃபாரட் பிளேனுக்குள்ள இறங்கினா 160 வோல்ட் ஏறும்! அதே சார்ஜ் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்ல இறங்கினா 0.12 வோல்ட்தான். தீப்பிடிச்சதும் கைக்கெட்டின செம்புத் தண்ணியைத்தான் முதல்ல ஊத்துவோம், அதுக்காகக் கிணத்தைத் தூர்த்துடுவோமா? பெரிட் போட்டா மத்த கெப்பாசிட்டரை எல்லாம் எடுத்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதே. சின்னது சிலதைக் குறைக்கலாம், பெரிசுல கை வைக்காதே.

அதைவிட முக்கியம், அந்த சார்ஜை உள்ளேயே விடாதே. டிவிஎஸ் டயோடு கனெக்டரை ஒட்டி இருக்கணும். டிரேஸ் கனெக்டர்ல இருந்து முதல்ல டயோடு பேடுக்கு வந்து, அங்கிருந்துதான் சிப்புக்குப் போகணும். பக்கத்துல கிளை பிரிச்சு டயோடைத் தொங்க விட்டிருப்பாங்க பாரு, அது இருந்தும் இல்லாத மாதிரிதான். டயோடோட கிரவுண்டு வியா பேடை ஒட்டியே இருக்கட்டும். கனெக்டரோட உலோகக் கூடு உறையோட நேரா, அகலமா சேரணும். ரீசெட் டிரேஸ் போர்டைச் சுத்தி ஊர்வலம் போகுதான்னும் பாரு. சிப்போட ரீசெட் காலை ஒட்டி ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வெச்சதுலயே அடங்கிப்போன போர்டு நிறைய உண்டு.

இதெல்லாம் பண்ணியும் தொல்லை இருந்தா ஸ்டாக்கப்புக்கு வா. மெல்லிய ஜோடியை நட்ட நடுவுல புதைக்காதே. சிப் இருக்கிற பக்கத்துக்குக் கிட்ட, 2வது 3வது லேயரா வை. வியா நீளமானா நீ சம்பாதிச்ச குறைஞ்ச இண்டக்டன்ஸ் எல்லாம் அதுலயே போயிடும். எட்டு லேயர்னா 6, 7லயும் அதே ஜோடி இருக்கட்டும், இல்லேன்னா போர்டு வளையும். பவர் பிளேனை அஞ்சாறு வோல்டேஜுக்குத் துண்டு போட்டா பலனும் துண்டாயிடும். 2 செ.மீ. சதுரத் துண்டுக்கு 50 மைக்ரான்ல 300 பைக்கோஃபாரட்தான் மிஞ்சும். பிராசசரும் ஐ/ஓவும் எந்த வோல்டேஜ்ல ஓடுதோ அதுக்கு மட்டும் பெரிய துண்டா கொடு. வியா வரிசையா நின்னு பிளேனை அறுத்துடாம பார்த்துக்கோ.

விசேஷச் சரக்கு வாங்கறதுக்கு முன்னாடி ஃபேப்ல 0.1 மில்லிமீட்டர் கோர் கேளு. சாதாரண எஃப்ஆர்-4லயே கிடைக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 38 பைக்கோஃபாரட், பல போர்டுக்கு இதுவே போதும்னு நான் சொல்லுவேன். அதைவிட மெல்லிசா போறதா இருந்தா ஹை-பாட் டெஸ்ட் பண்ணுவாங்களான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோ. கெட்டுப்போன கெப்பாசிட்டரைப் பிடுங்கிட்டு வேற வைக்கலாம். பிளேனுக்கு நடுவுல ஷார்ட் ஆனா மொத்த போர்டும் குப்பைதான்.

இன்னொண்ணு. சென்னைக் கடல் காத்துல உன் மேஜை மேல ஒண்ணும் ஆகலைன்னு திருப்திப்படாதே. காத்துல ஈரம் இருக்கிறவரை உடம்புல சார்ஜ் அவ்வளவா ஏறாது. அதே பெட்டி ஜனவரியில டெல்லியில ஹீட்டர் போட்ட அறைக்குப் போனா, கம்பளத்துல நடந்து வந்தவர் கை பட்டதும் ரீசெட் ஆகும். அதனால கன்னால சுட்டுத்தான் பார்க்கணும்.

டயோடையும் ரீசெட் டிரேஸையும் திருத்தி, பழைய ஸ்டாக்கப்லயே ஒரு தடவை சுட்டுப் பாரு. அப்பவும் விழுந்தா லேஅவுட் படத்தை அனுப்பு, எந்த ஜோடியை மெல்லிசாக்கலாம்னு உட்கார்ந்து பார்ப்போம்.