பாய்மரப் படகில் நாயும் வருகிறதா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, விர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரிலிருந்து ஃபுளோரிடா வரை ஓர் உள்நீர்வழி இறங்குகிறது. ஆறு, உப்பங்கழி, வெட்டிய கால்வாய் எல்லாம் சேர்ந்த பாதை. மயாமி வரைக்குமே சுமார் 1,090 மைல். குளிர் தொடங்குமுன் தெற்கே போகும் பாய்மரப் படகுகள் பலவற்றில் நாயும் ஏறிக்கொள்கிறது. இந்தப் படகுகளின் வேகம் மணிக்கு ஐந்தாறு கடல் மைல்தான். காலையில் நங்கூரம் தூக்கினால் பல நாள் மாலைவரை கரையில் கால் வைக்க முடியாது. ஆகவே முதலில் தீர்க்கவேண்டியது, நாய் எங்கே ஒதுங்கும் என்பதுதான்.

கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே செயற்கைப் புல் விரிப்பு ஒன்றை வாங்கி, நாய் வழக்கமாக ஒதுங்கும் இடத்தில் போடுங்கள். அதன் சிறுநீர் பட்ட துணியை விரிப்பில் தேய்த்தால் வாசம் பிடித்து வரும். ஒதுங்கும்போதெல்லாம் ஒரே சொல்லைச் சொல்லி, உடனே தின்பண்டம் கொடுங்கள். பழகியதும் விரிப்பைக் கட்டிநிற்கும் படகின் முன்தளத்துக்கு மாற்றுங்கள். மூலையில் துளையிட்டுக் கயிறு கட்டிவைத்தால் தண்ணீரில் முக்கி அலசிக்கொள்ளலாம். சில நாய்கள் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கும். அதட்டாதீர்கள், அன்றைக்குக் கரைக்கே கூட்டிப்போங்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள். அதைப் பிடித்து நாயை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உடல் நழுவினால் அளவு சரியில்லை. தளத்தைச் சுற்றியுள்ள காப்புக் கம்பிகளில் வலை கட்டுங்கள். நாயைக் கயிற்றில் பிணைப்பதானால் கழுத்துப்பட்டையில் வேண்டாம், மார்புப்பட்டையில் மாட்டுங்கள். விளிம்பைத் தாண்டாத நீளம் போதும். விழுந்துவிட்டால் ஒருவர் கண்ணெடுக்காமல் நாயை நோக்கிக் கை நீட்டியபடி இருக்க, மற்றவர் படகைத் திருப்பட்டும். நெருங்கியதும் இன்ஜினை நியூட்ரலில் போடுங்கள்.

நல்ல தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் கண்ணெதிரே இருக்கட்டும். உப்புநீரைக் குடித்தால் வாந்தி, பேதி, உடலில் உப்பு மிஞ்சிப்போனால் உயிருக்கே ஆபத்து. தளத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் பாதத்துக்கும் சுடும்.

நங்கூரமிடும் இடத்தை ஓதம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜார்ஜியாவில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஏழு முதல் ஒன்பது அடி வித்தியாசம். வற்றில் கரையோரம் முழுக்கச் சேறும், கத்தியாய் நிற்கும் சிப்பி ஓடுகளும். ஒரே ஓட்டத்தில் பாதம் கிழிந்துவிடும். பாதி ஏற்றத்துக்கு மேல் ரப்பர் படகை இறக்குங்கள். அதே ஜார்ஜியாவின் கம்பர்லாண்ட் தீவுக்குச் சொந்தப் படகில் நாயைக் கூட்டிப்போகலாம், பயணிகள் படகில் அனுமதி கிடையாது; தீவில் ஆறடிக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். வட கரோலினாவிலிருந்தே முதலைகள் உண்டு. அந்தி சாய்ந்தபின் நீர் விளிம்பில் நடத்தாதீர்கள், கழியில் நீந்தவிடாதீர்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, கொசு பரப்பும் இதயப்புழுவுக்கான மாத்திரை இரண்டும் கையோடு வேண்டும். குமட்டலுக்கு மருந்து கால்நடை மருத்துவர் தருவது மட்டுமே.

நெடும்பயணத்துக்கு முன் ஒருநாள் பயணங்கள் சில போய்ப் பாருங்கள். அவற்றுக்குப் பிறகும் நாய் எச்சில் வடித்து நடுங்கினால், அதை நேசிக்கும் யாரிடமாவது விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.