கோடைக்கால உடைகளுக்கு ஏற்ற உள்துணி

கோடை நெருங்கும்போது கிராமத்துத் தையற்காரர்களுக்கு வேலை பெருகுகிறது. பங்குனியிலும் சித்திரையிலும் திருவிழாக்கள், வைகாசியில் திருமணங்கள், பள்ளி விடுமுறையில் குழந்தைகளுக்குப் புதுச் சட்டைகள். இவ்வுடைகளுக்கு வெளித்துணி எடுப்பதற்காக நம் மக்கள் கடைகடையாக ஏறி இறங்குகின்றனர். நிறம் பார்க்கின்றனர், கரை பார்க்கின்றனர், விலை பேசுகின்றனர். ஆனால் உடையின் உட்புறத்தில் உடம்போடு ஒட்டிக் கிடக்கப்போகும் உள்துணியை, அதாவது தையற்காரர்கள் லைனிங் என்று சொல்லும் துணியை, எவரும் பொருட்படுத்துவதில்லை. “நிறம் பொருந்தினால் போதும், நீங்களே ஏதாவது வைத்துத் தைத்துவிடுங்கள்” என்று கூறி வந்துவிடுகின்றனர். வியர்வை முதலிற் படுவது வெளித்துணியின்மீதன்று, உள்துணியின்மீதே. ஆகவே கோடையுடையில் முதலில் தேர்ந்தெடுக்கத்தக்கது உள்துணியேயாம்.

இது மாதர்க்குரிய விஷயம் என்று எண்ணி விவசாய அன்பர்கள் அடுத்த பக்கத்திற்குப் போய்விட வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி நம் மாநில உள்ளாட்சி இடங்களில் பாதி மகளிர்க்கு உரியன. ஆகவே இதனைப் படிக்கும் உறுப்பினர்களிலும் பெண்கள் பலர் இருப்பர். மேலும், சுய உதவிக் குழுவினர் பலர் தையலையே தொழிலாகக் கொண்டுள்ளனர். நம் வட்டாரத்துக் குழு ஒன்று ஒரு திருமண வீட்டாருக்கு 11 ரவிக்கைகள் தைத்துக் கொடுத்தது. முதற் சலவையிலேயே உள்துணி சுருங்கி, வெளித்துணி அலையலையாகக் கோணி, அத்தனையும் திரும்பி வந்தன. தைத்தவர்கள் கைத்திறனில் குறையில்லை. தையல் நூல் பிடித்தாற்போல் நேராகவே இருந்தது. கடையிலிருந்து வந்த உள்துணியை நனைக்காமல் அப்படியே வெட்டியதுதான் காரணம். கூலியை விட்டதோடு துணிக்கும் ஈடு கொடுக்க நேர்ந்தது. ஒரு மாத உழைப்பு ஒரு வாளித் தண்ணீர் இல்லாமையால் வீணாயிற்று.

முதலாவதாக, உள்துணி எதற்காக என்பதை ஆராய்வோம். மெல்லிய வெளித்துணியின் ஊடாக உடல் தெரியாமல் மறைப்பது ஒன்று. தையல் ஓரங்களில் விழும் இழுப்பைத் தான் ஏற்று வெளித்துணி கிழியாமல் காப்பது மற்றொன்று. சரிகை, எம்பிராய்டரி முதலியவற்றின் முரட்டுப் பின்புறம் தோலில் உராயாமல் தடுப்பதும், விலையுயர்ந்த பட்டில் வியர்வைக் கறை படியாமல் காப்பதும் அதன் வேலையே. இவற்றுள் எதுவும் தேவைப்படாத இடத்தில் உள்துணியும் தேவையில்லை. களை பறிக்கவும் நாற்று நடவும் செல்லும் பெண்கள் அணியும் ரவிக்கைக்கு, நல்ல பருத்தியில் நெய்த டூ பை டூ துணி ஒன்றே போதும். நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டிரண்டு புரி முறுக்கிய நூலால் நெய்யப்படுவதால் அதற்கு அப்பெயர். அது மெல்லியதாயினும் உறுதியானது. இக்காலத்தில் எல்லா ரவிக்கைக்கும் உள்துணி வைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. கடுங்கோடையில் வெயிலில் நிற்பவளுக்கு வேண்டாத ஓர் அடுக்கைச் சுமத்துவது நாகரிகமாகாது என்பதே நம் கருத்து.

உள்துணி வேண்டிய இடத்தில் எதை வைப்பது? இங்குதான் இழையின் குணம் முக்கியமாகிறது. சாதாரணச் சூழ்நிலையில் பருத்தி இழை தன் எடையில் 100க்கு 8½ பங்கு ஈரத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயான் 11 முதல் 13 பங்கு வரை ஏற்கும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழையோ அரைப் பங்குகூட ஏற்பதில்லை. பாலியெஸ்டர் உள்துணி வைத்துத் தைத்த ரவிக்கையை அணிந்து நண்பகலில் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு, வியர்வை போவதற்கு வழியின்றித் தோலிலேயே தங்கிவிடுகிறது. வியர்வை நாளங்கள் அடைபட்டு வேர்க்குரு அரும்புகிறது. அக்குளிலும் மார்பின் அடியிலும் ஈரம் நிலைத்துப் படர்தாமரை பரவ இடமாகிறது. மருந்துக்குச் செலவிடும் பணத்தைக் கணக்கிட்டால், மலிவான உள்துணி மலிவானதன்று என்பது தெரியவரும். இன்னும் ஒன்று: பாலியெஸ்டர் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பற்றுவதுதான், ஆயினும் உருகி ஒட்டுவதில்லை. விறகடுப்பில் சமைப்போர் இதை மறக்கலாகாது.

ரேயான் ஈரத்தை நன்கு ஏற்பினும், நனைந்த நிலையில் அதன் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். கல்லில் அடித்துத் துவைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அது நெடுநாள் நிற்காது. ஈரோட்டு விசைத்தறிகளில் நெய்யப்படும் ரேயான் துணி விலையில் எளியது, தொடுவதற்குக் குளிர்ச்சியானது. பெண்குழந்தைகளின் பாவாடைக்கு உள்ளே தொங்கவிடலாம். இறுக்கமான ரவிக்கைக்குப் பருத்தியே சிறந்தது.

பருத்தியிலும் கனம் பார்த்தல் வேண்டும். கனத்த பருத்தி வியர்வையை ஏற்றுக்கொண்டு வெகுநேரம் ஈரமாகவே கிடக்கும். மெல்லியது விரைவில் உலரும். மல் துணி யாவற்றினும் இலேசானது. அடுத்தது வாயில். அதற்கடுத்தது கேம்பிரிக். பாப்ளின் கனமானது; கோடைக்கு அதனை விலக்குவது நலம். இப்பெயர்களைக் கடைக்குக் கடை மாற்றிச் சொல்வதுண்டாதலின், பெயரை நம்பாமல் தராசை நம்பலாம். 90 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் மல் துணி ஏறக்குறைய 45 முதல் 65 கிராம் வரை நிற்கும். கேம்பிரிக் 70 முதல் 90 கிராம். பாப்ளின் 100 கிராமைத் தாண்டும். உள்துணி எப்போதும் வெளித்துணியைவிட இலேசாக இருத்தல் வேண்டும். மெல்லிய சுங்குடித் துணிக்குள் பாப்ளினை வைத்தால், வெளித்துணி அதன்மேல் பிடிப்பின்றி நழுவிச் சுருங்கும்.

பருத்தி பயிரிடும் அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. மெல்லிய துணிக்கு மெல்லிய நூல் வேண்டும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். 60ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 50,400 கெஜம் ஓடும். அத்தகைய நூலை நூற்க நீண்ட இழைப் பருத்தி வேண்டும். 1974இல் கோயம்புத்தூரிலிருந்து வெளியிடப்பட்ட சுவின் இரகம் 100ஆம் நம்பரையும் கடந்த நூலுக்கு ஏற்றது. நம் மண்ணில் விளையத்தக்க பருத்தியே நம் வீட்டாரின் கோடையைத் தணிக்க வல்லது என்பது மகிழ்ச்சிக்குரியதன்றோ.

நிற்க. கடையில் “காட்டன் லைனிங்” என்று எடுத்துப் போடுவதெல்லாம் பருத்தியன்று. கலப்பு நூல் துணிகளும் அப்பெயரிலேயே விற்கப்படுகின்றன. சாட்டின், கிரேப் என்பவை நெசவு அல்லது தோற்றத்தைக் குறிக்கும் பெயர்களே. இழையைக் குறிப்பவை அல்ல. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாட்டின் பெரும்பாலும் பாலியெஸ்டரே. இதனை அறிய எளிய சோதனை உண்டு. துணியின் ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, வீட்டிற்கு வெளியே நெருப்பிற் காட்டுக. பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து, விரலால் தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுடரைக் கண்டு சுருங்கி, உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலுக்கிடையே கடினமான துகள்கள் அகப்படும். நெடுக்கு நூல் ஒன்றாகவும் குறுக்கு நூல் வேறாகவும் இருக்கக்கூடுமாதலால், இரு பக்க நூல்களையும் சோதிக்க வேண்டும். துணியின்மேல் நீர்த்துளி விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் கஞ்சியேற்றிய புதுப் பருத்தியும் நீரை உடனே உறிஞ்சாது. எனவே துவைத்த துண்டில்தான் அதைச் செய்ய வேண்டும். கஞ்சியைப் பற்றிச் சொன்னோம். துணியை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நன்றாகத் தேய்த்தால் மாவு போல் உதிருமாயின், நெசவின் மெலிவைக் கஞ்சி மறைத்திருக்கிறது என்று பொருள். ஒரு சலவைக்குப் பின் அது வலைபோல் ஆகிவிடும்.

இனி, யாவற்றிலும் முக்கியமான நனைத்தலுக்கு வருவோம். தறியிலும் ஆலையிலும் நூல்கள் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையிலேயே துணியாகின்றன. நீர் பட்டதும் அவ்விழுப்பு தளர்ந்து துணி சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கும் என்பதைத் தைப்பதற்கு முன்பே அறியலாம். புதுத் துணியில் நெடுக்கில் 50 செ.மீ., குறுக்கில் 50 செ.மீ. அளந்து நூலால் அடையாளமிட்டு, நனைத்து, உலர்த்தி, மீண்டும் அளக்க. ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 100க்கு 2 பங்கு சுருக்கம். ஒன்றரை குறைந்தால் 3 பங்கு. மூன்று பங்கு அற்பமெனத் தோன்றும். ஆனால் 36 அங்குல மார்பளவுள்ள ரவிக்கையில் அது ஓர் அங்குலத்திற்கும் அதிகம்! கொக்கி மாட்ட முடியாமற் போவதும் அக்குள் தையல் பிரிவதும் இதனாலேயே.

ஆகவே வெட்டுவதற்கு முன் உள்துணியைத் தண்ணீரில் ஓர் இரவு முழுவதும் மூழ்கவிட வேண்டும். உடையை வெந்நீரில் துவைப்பவராயின் வெந்நீரிலேயே ஊறவைக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல், நீரை வடியவிட்டு, நிழலில் கொடியில் விரித்துக் காயவைக்க. சிறிது ஈரம் இருக்கும்போதே நெடுக்கு நூலை ஒட்டி இஸ்திரி போட வேண்டும். மூலைவாட்டாக இழுத்துத் தேய்த்தால் துணி கோணும். வெளித்துணி கைத்தறிப் பருத்தியாயின் அதையும் தனியாக நனைத்தல் அவசியம். பட்டையும் சரிகையையும் நனைக்க இயலாது. அவற்றிற்கு வைக்கும் உள்துணியை நனைக்காமல் விடவே கூடாது. ஆலையிலேயே சுருக்கியது என்று கடைக்காரர் சொன்னாலும் ஒருமுறை நனைப்பதால் நஷ்டமில்லை. நனைத்தபின் குறையும் என்பதால், அளவுக்கு மேல் 10 செ.மீ. சேர்த்து வாங்குவது நல்லது.

ஊறவைக்கும்போதே சாயம் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். அத்துணியை ஈரத்துடன் ஒரு வெள்ளைக் கந்தலில் அழுத்திப் பார்க்க வேண்டும். கறை படிந்தால், வெளிர் நிறப் பட்டுக்குள் அதை வைக்கலாகாது. வியர்வையில் ஊறி வெளித்துணியைக் கெடுத்துவிடும். உப்பு நீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது வழக்கிலுள்ள நம்பிக்கை. அது அப்போதைக்கு ஓரளவு தடுக்கலாமேயன்றி நிரந்தரமாக நிறுத்தாது. மெல்லிய வெள்ளைத் துணிக்கு வெள்ளை உள்துணியைவிட உடலின் நிறத்தை ஒத்த சந்தன நிறமே வெளியே தெரியாமல் அடங்கும்.

தைக்கும் முறையில் இரண்டொன்று கூறுவோம். ரவிக்கையில் உள்துணியும் வெளித்துணியும் ஒரே நூலோட்டத்தில் வெட்டப்பட வேண்டும். மிச்சம் பிடிப்பதற்காக உள்துணியைக் குறுக்கே திருப்பி வெட்டுவோர் உண்டு. இரண்டும் வெவ்வேறு திசையில் இழுக்க, முதுகில் சுருக்கம் விழும். கைகளுக்கு உள்துணி வேண்டாம் என்றே சொல்வோம்; முன்புறத்திற்கும் முதுகிற்கும் மட்டும் வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும், துணியும் மிஞ்சும். மிஞ்சிய துணியில் அக்குளுக்கு ஒரு சிறு துண்டு வைத்துவிடலாம். குழந்தைகளின் கவுனுக்கும் பாவாடைக்கும் உள்துணியை இடுப்பில் மட்டும் பிடித்துத் தனியே தொங்கவிட்டு, வெளித்துணியைவிட 2 அல்லது 3 செ.மீ. குட்டையாக மடித்தடிக்க வேண்டும். அவ்வாறாயின் இரண்டும் வெவ்வேறாகச் சுருங்கினாலும் உடை கோணாது. கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதியாதலால், எவ்வளவு நல்ல பருத்தியும் மெதுவாகவே உலரும். அவ்வூர்களில் அக்குளையும் இடுப்பையும் அரை அங்குலமேனும் தளர்த்தித் தைக்கச் சொல்வது நன்று.

தையற் குழுக்கள் உள்ள ஊராட்சிகளில் உறுப்பினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று சில்லறையாக வாங்காமல், குழுவாகச் சேர்ந்து ஈரோடு போன்ற சந்தைகளில் முழுச் சுருளாக எடுத்தால் விலை குறைவதோடு, ஒரே சோதனையில் முழுச் சுருளின் குணமும் தெரிந்துவிடும். தையல் நடைபெறும் கட்டிடத்தில் ஒரு தொட்டியும், நிழலில் நீளமான ஒரு கொடியும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சுருள் வந்த அன்றே முழுவதையும் நனைத்து, உலர்த்தி, அளந்து, சுருங்கிய அளவை ஓர் அட்டையில் எழுதி அதிலேயே குத்திவைத்தால், தைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சித்திரையில் தண்ணீர்த் தட்டுப்பாடு தொடங்கிவிடும் ஊர்களில் தை, மாசி மாதங்களிலேயே இவ்வேலையை முடித்துக்கொள்ளலாம். துணி நனைத்த நீரில் சோப்பு ஏதும் சேர்வதில்லையாதலால், சாயமற்ற துணி நனைத்த நீரை அருகிலுள்ள முருங்கைக்கோ வாழைக்கோ பாய்ச்சிவிடலாம்.