ஆங்கிலப் பாடம்: ‘போஸ்ட்போன்’



இவ்வாரம் நாம் படிக்க எடுத்துக்கொள்ளும் வினைச்சொல் ‘போஸ்ட்போன்’. லத்தீனில் ‘போஸ்ட்’ என்றால் பின்னால். ‘போனெரே’ என்றால் வைத்தல். ஆகவே ஒன்றைப் பின்னால் வைப்பதே இதன் மூலப்பொருள். தமிழில் ஒத்திவைத்தல், தள்ளிவைத்தல் என்கிறோம்.

முதலாவது, இதை ‘டிலே’ என்பதோடு குழப்பக் கூடாது. மாம்பலம் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் பத்து நிமிஷம் பிந்தி வந்தால் அது ‘டிலே’. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் மேற்கு மாம்பலமும் தத்தளித்தபோது, சென்னைப் பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வை 2016 ஜனவரிக்கு மாற்றினார்களே, அது ‘போஸ்ட்போன்’. யோசித்துத் தீர்மானித்து, வேறு நாள் குறிப்பது.

இரண்டாவது, இச்சொல்லை அடுத்து வரும் வினை ‘இங்’ விகுதி பெறும். போவதைத் தள்ளிவைத்தான் என்பதற்கு ‘ஹி போஸ்ட்போன்ட் கோயிங்’ என்பதே சரி. ‘டு கோ’ என்பது பிழை.

மூன்றாவது, பேச்சு வழக்கில் ‘புட் ஆஃப்’ என்பார்கள். நாள் குறிக்காமல், சாக்குச் சொல்லிக் கடத்துவதற்கும் இது பொருந்தும்.

இந்தக் கடைசி வகைதான் நம் வீடுகளில் அதிகம். தாத்தா படுத்த படுக்கையாய் இருக்கிறார். “ஏம்பா, சாமியாரை அழைத்து வரலாமா?” என்று பாட்டி கேட்கிறார். “வேண்டாம் அம்மா, அப்பா பயந்துவிடுவார்; நாளைக்குப் பார்க்கலாம்” என்கிறார் மகன்.

இந்தப் பயத்துக்குப் பழைய பெயரும் ஒரு காரணம். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று சொல்லிச் சொல்லி, அது சாகும் தறுவாயில் மட்டும் தருவது என்று எண்ணிவிட்டோம். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ‘நோயில்பூசுதல்’ என்ற பெயரே அதற்கு மிகவும் ஏற்றது என்றும், நோயினாலோ முதுமையினாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிட்டது என்றும் தெளிவுபடுத்தியது. நினைவு தப்பிய பிறகு குருவானவர் வந்தால், தாத்தா பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி? நன்மை வாங்குவது எப்படி?

தேர்வைத் தள்ளிவைத்தவர்கள் வேறு நாள் குறித்தார்கள். நோயாளிக்கு நாள் குறிக்க நம்மால் ஆகுமா?

பயிற்சி: பிள்ளைகள், வீட்டில் தள்ளிப்போட்டிருக்கும் ஒரு நற்காரியத்தை, ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லை அமைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதவும். பெரியவர்கள் அந்தக் காரியத்தை இன்றே செய்து முடிக்கவும்.