தலையில் அடிபட்ட குழந்தை வீடு திரும்பிய பின்

மாமரத்திலிருந்தோ குளத்துப் படித்துறையிலோ விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைக்கு, ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியாதபோதும், மூளை குலுங்கி அதன் செயல்பாடு சில காலம் தடுமாறும் ‘மூளை அதிர்வு’ ஏற்பட்டிருக்கக்கூடும். தலைவலி, கிறுகிறுப்பு, எரிச்சல், கவனக்குறைவு ஆகியவை அதன் அடையாளங்கள். வர்ம மருத்துவம் வேரூன்றிய குமரி மாவட்டத்தில் வர்ம வைத்தியரான ஆசானை நாடுவது பழைய வழக்கமே எனினும், கழுத்தெலும்புக்கும் மூளைக்கும் பாதிப்பில்லை என்று மருத்துவர் உறுதிசெய்யும் முன் கழுத்தைத் திருப்புவதும் உருவிவிடுவதும் மிக ஆபத்தானவை.

வீட்டில் முதல் 24 முதல் 48 மணி நேரம் செல்போனையும் தொலைக்காட்சியையும் குறைத்து, குழந்தையை மெல்ல நடமாட விடுவதே போதுமான ஓய்வு. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைத்தால் குணமாவது தாமதப்படும். வலிக்கு மருத்துவர் எடைக்கேற்பக் குறித்த பாராசிட்டமால் போதும்.

பள்ளிக்கு அரைநாள் அனுப்பிப் படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். மரமேறுதல், சைக்கிள், குறிப்பாகக் குளத்து நீச்சல் ஆகியவற்றை மருத்துவர் இசைவளிக்கும்வரை அனுமதிக்கவே கூடாது. ஏனெனில் நீருக்குள் வரும் ஒரு கணக் கிறுகிறுப்பே உயிரைப் பறித்துவிடும்.

மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, மேலும் மேலும் கூடும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், மூக்கிலோ காதிலோ நீர்க்கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து, குமரி மாவட்டத்தின் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.